பெயர் சொல்லும் பிள்ளைகள்

பெயர்ச்சொல்லை இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என இருவகைப்படுத்திக் கற்பிப்பது நம் இலக்கண மரபு. காரணம் எதுவும் கருதாது, முன்னோர் இட்டு வழங்கியவாறே வழங்கி வருவது இடுகுறிப் பெயர். ஏதேனும் ஒரு காரணம் பற்றி அமைந்தது காரணப் பெயர். மண், மரம், மலை என்பன முன்னதற்கும் பறவை, நாற்காலி, வளையல் என்பன பின்னதற்கும் வழக்கமாகச் சொல்லப்படும் எடுத்துக்காட்டுகள். பவணந்தி முனிவரின் நன்னூல் வழிவந்த இப்பாடத்தைத் தாயகத்தில் ஆசிரியராய் இருந்த காலத்தில் எத்தனையோ முறை நடத்தியிருக்கிறோம். புலம்பெயர்ந்து வந்தபின் லோசான் நகரிலே, சனிக்கிழமைதோறும் இரவல் வகுப்பறையில் கூடும் நம் பிள்ளைகளுக்கும் நடத்தி வருகிறோம். பலமுறை நடத்திய பாடம் தவறாது என்ற துணிவு ஆசிரியர் எவருக்கும் உண்டு. அந்தத் துணிவினால் நாம் இழைத்த ஒரு தவற்றையும், அதிலிருந்து நம்மை மீட்ட ஒரு பிரெஞ்சுப் பெயரையும் பற்றியே இம்மலரில் எழுத விழைகிறோம்.

அன்று பாடத்தைச் சுவையாக்கும் நோக்கத்துடன், மாணவர் ஒவ்வொருவரையும் தத்தம் பெயரின் பொருளைச் சொல்லுமாறு பணித்தோம். கயல்விழி எழுந்து மீன்போன்ற கண்ணுடையாள் என்றாள். இளங்கோ தன் பெயரின் பொருளோடு சிலப்பதிகாரத்தையும் சேர்த்துச் சொன்னான். வேறு சிலருடைய பெயர்கள் வடமொழிப் பெயர்களாயினும் பொருள் உடையனவாக இருந்தன. பின்வரிசையில் இருந்த பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் மாத்திரம் எழுந்து நின்று பேசாதிருந்தான். அவனுடைய பெயர் நம்மவரிடையே கடந்த முப்பது ஆண்டுகளாகப் பெருகிவிட்ட வகையைச் சேர்ந்தது. ஓசை இனிது. ஆனால் எந்த மொழியின் அகராதியைப் புரட்டினாலும் அகப்படாது. அப்பெயரை இங்கே எழுத நாம் விரும்பவில்லை.

அவ்வகைப் பெயர்கள் மீது நமக்கு நெடுநாளாகவே ஒரு மனக்குறை உண்டு. அந்தக் குறையைப் பெற்றோரிடம் சொல்ல வேண்டிய நாம், பிள்ளையிடம் சொல்லிவிட்டோம். “உன் பெயர் தமிழும் அன்று, வடமொழியும் அன்று. அதற்குப் பொருளே கிடையாது” என்றோம். வகுப்புச் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. சற்று நேரம் நின்றுவிட்டு ஒரு வினாத் தொடுத்தான்.

“சேர், என்ர ஸ்கூலில ஒருத்தனுக்குக் கியோம் எண்டு பேர். அதுக்கு என்ன அர்த்தம் எண்டு அவனுக்கும் தெரியாது. அவன்ர பேரும் பிழையா?”

நமக்கு விடை தெரியவில்லை. பிரெஞ்சுக்காரர் பெயருக்குப் பொருள் இல்லாமலா போகும் என்று மழுப்பிவிட்டு அடுத்த பாடத்துக்குச் சென்றோம். அடுத்த சனிக்கிழமை அச்சிறுவன் வரவில்லை. அதற்கடுத்த சனிக்கிழமையும் வரவில்லை.

மூன்றாம் கிழமை அவனுடைய தாயார் தனியே வந்தார். வகுப்பு முடியும்வரை நடையிலே காத்திருந்தார். கோபத்துடன் பேசவில்லை. அது நமக்கு இன்னும் கடினமாக இருந்தது.

“மாஸ்ரர், இவன்ர பேருக்கு அர்த்தம் இல்லையெண்டு சொன்னனீங்களாம். அதில முதல் ரெண்டெழுத்தும் என்ர தம்பியின்ர பேர். 2009 மே மாசத்துக்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. முழுப்பேரையும் வைச்சால் ஒவ்வொரு நாளும் கூப்பிடேலாது எண்டு அம்மா அழுதவ. அதாலதான் ரெண்டெழுத்தை மட்டும் எடுத்து, கடைசியில இவற்ர அப்பான்ர பேரில ஒரு எழுத்தைச் சேர்த்து வைச்சனாங்கள். இவனுக்கு இதை நாங்கள் இன்னும் சொல்லேல்லை.”

அந்தத் தாயாருக்கு நாம் என்ன மறுமொழி கூறினோம் என்பது நினைவில் இல்லை. வீடு திரும்பும் பேருந்தில் அச்சிறுவனின் வினா மாத்திரம் செவியில் ஒலித்துக்கொண்டே இருந்தது. கியோம் என்பதன் பொருள் என்ன? அவனுக்குக் கடன்பட்ட விடை அது ஒன்றாவது இருந்தது. மறுநாள் தொடங்கிப் பல மாலைகளில் ரிப்பொன் சதுக்கத்து நூலகத்தில் இருந்து அதனைத் தேடினோம். கண்டவற்றைச் சுருக்கமாகத் தருகிறோம்.

கியோம் என்பது பிரெஞ்சு மக்களின் பெயர். ஆயின் பிறப்பால் அது பிரெஞ்சுச் சொல் அன்று. பிரெஞ்சு இலத்தீனின் மகள். இப்பெயரோ ஜேர்மானியக் குடும்பத்து மொழியாகிய பிராங்கியத்திலிருந்து வந்தது. அதன் பழைய வடிவம் வில்ஹெல்ம். ‘வில்’ என்பது விருப்பத்தையும் மன உறுதியையும் குறிக்கும். ‘ஹெல்ம்’ என்பது தலைக்கவசத்தையும், அதனால் பெறும் காவலையும் குறிக்கும். இரு கூறுகளும் உடையது அப்பெயர். இன்றும் ஜேர்மன் மொழியில் ‘வில்லெ’ என்றால் மனத்திண்மை. ‘ஹெல்ம்’ என்றால் தலைக்கவசம். எனவே சூரிச் நகரத்து வில்ஹெல்ம் தன் பெயரின் கூறுகளைத் தன் மொழியிலேயே அடையாளங் காண்பான். லோசான் நகரத்துக் கியோமுக்கு அது இயலாது. ஒரே பெயர், ஒரே நாட்டில், ஒரு மொழியில் காரணப் பெயராகவும் மற்றொரு மொழியில் இடுகுறிப் பெயராகவும் நிற்பதை நன்னூல் கற்பிக்கும் ஆசிரியராகிய நாம் அன்றுதான் முதன்முதலாகக் கண்டோம்.

வில்ஹெல்ம் எவ்வாறு கியோம் ஆயிற்று? தமிழறிந்தோர்க்கு இது வியப்பளிக்காது. ரகரமும் லகரமும் நம் மொழிக்கு முதலில் வாரா. ஆகவே ரங்கன் நம்மிடம் அரங்கன் ஆனான். லக்ஷ்மணன் இலக்குவன் ஆனான். அதுபோலவே பிராங்கியரின் ‘வ’ ஒலி, பழைய பிரான்சின் பெரும்பகுதி மக்களுடைய நாவில் முதலெழுத்தாய் நிற்க மறுத்தது. அவர்கள் அதற்கு முன்னே ஒரு ககர ஒலியைச் சேர்த்தனர். நாளடைவில் ககரமே எஞ்சியது. போரைக் குறித்த ‘வெர்ரா’ பிரெஞ்சில் ‘கேர்’ ஆனது இவ்வாறே. அடுத்து, மெய்யெழுத்துக்கு முன் நின்ற லகரம் தேய்ந்து உகரமாயிற்று. ‘ஹெல்ம்’ என்பது ‘ஓம்’ என ஒலிப்பதாயிற்று. தலைக்கவசத்துக்குப் பழைய பிரெஞ்சில் வழங்கிய சொல்லும் ‘ஓம்’ என்பதே. ஆகவே கியோம் என்ற பெயரின் வாலிலே ஒரு போர்வீரனின் தலைக்கவசம் இன்றும் இருக்கிறது. அதனை அணிந்திருப்பவனுக்குத்தான் அது தெரியவில்லை.

பிரான்சின் வடபுலத்து வழக்குகளிலோ ‘வ’ ஒலி மாறாது நின்றது. நோர்மண்டியின் கோமகன் கியோம் 1066ஆம் ஆண்டில் கடலைக் கடந்து இங்கிலாந்தை வென்றபோது, அப்பெயர் வகரத்துடனேயே அங்கு சென்று வில்லியம் ஆயிற்று. அவ்வெற்றியைச் சித்திரிக்கும் பாயே நகரத்துப் பூவேலைத் துகிலிலும் அவன் பெயர் வகர ஒலியுடனேயே பொறிக்கப்பட்டுள்ளது. யாழ்ப்பாணத்திலே நம்மவர் சிலர் வில்லியம் என்று பெயர் பூண்டிருந்தனர் அல்லவா? அவர்களும் இங்குள்ள கியோமும் ஒரு பெயரினரே.

சுவிற்சர்லாந்தின் நான்கு தேசிய மொழிகளிலும் இப்பெயர் உண்டு. ஜேர்மனில் வில்ஹெல்ம், பிரெஞ்சில் கியோம், இத்தாலியத்தில் குலியெல்மோ, ரோமாஞ்சில் குலியெல்ம். இந்நாட்டின் முதற்பெரும் வீரனாகப் போற்றப்படும் தெல் என்பான் நான்கு மொழியினராலும் நான்கு விதமாக அழைக்கப்படுவது இதனால்தான். லோசானில் மொன்பெனோன் திடலில், நீதிமன்றத்தின் முன்னே நிற்கும் சிலையை நம் பிள்ளைகள் பலமுறை பார்த்திருப்பார்கள். மகனை அணைத்து நிற்கும் அந்த வில்லாளன் இங்கு கியோம் தெல். மகனின் தலையில் வைத்த அப்பிளை அவன் அம்பெய்து வீழ்த்திய கதை சார்னன் நகரத்து வெள்ளைப் புத்தகம் எனப்படும் ஏட்டில், ஏறத்தாழ 1470ஆம் ஆண்டளவில் எழுதப்பட்டது. கதை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் காலமோ பதினான்காம் நூற்றாண்டின் தொடக்கம். அக்காலத்துப் பத்திரம் எதிலும் அவனைப் பற்றிய குறிப்பு இல்லையாதலால், வரலாற்றாசிரியர்கள் அவன் வாழ்ந்தான் என்று கொள்வதில்லை. ஆயினும் 1804இல் சில்லர் அவனைப் பற்றி நாடகம் எழுதினார். 1829இல் ரொசினி இசைநாடகம் அமைத்தார். வாழ்ந்ததற்குச் சான்றில்லாத ஒருவனின் பெயரை ஒரு நாடு இத்தனை நூற்றாண்டுகளாகக் காத்து வருகிறது. வாழ்ந்ததற்கு நாமே சான்றாக உள்ள நம் உறவுகளின் பெயர்களை நாம் எவ்வாறு காக்கப்போகிறோம் என்ற எண்ணம் அவ்வேளை நம் உள்ளத்தில் எழுந்தது.

இனி நம்மைத் தலைகுனிய வைத்த செய்திக்கு வருகிறோம். பிரான்சு நாட்டு மக்கள் முதலில் உரோமர் ஆட்சியில் உரோமப் பெயர்களையே தாங்கியிருந்தனர். ஐந்தாம் நூற்றாண்டின் இறுதியில் குளோவிஸ் மன்னன் காலத்தில் பிராங்கியர் ஆட்சி அங்கு வேரூன்றியது. ஆண்டவர் மொழி குடிகளின் மொழியாகவில்லை. குடிகள் இலத்தீன் வழிவந்த தங்கள் பேச்சையே பேசினர். ஆனால் பெயர்கள் மாறின. அரசர், பிரபுக்களின் பெயர்களைக் கண்டு உழவரும் தம் மக்களுக்குப் பிராங்கியப் பெயர்களை இட்டனர். லூயி, ஷார்ல், ஹென்றி, ரொபேர், ரிஷார், பெர்னார், கியோம் என இன்று நாம் பிரெஞ்சுப் பெயர்களெனக் கருதும் பல அவ்வாறு வந்தவையே. குளோவிஸ், லூயி, லூட்விக் என்னும் மூன்றும் ஒரு பெயரின் மூன்று வடிவங்கள்.

பாரிஸ் அருகே இருந்த சாங் ஜேர்மான் மடத்தின் நிலங்களில் வாழ்ந்த உழவர்களைக் குடும்பம் குடும்பமாகப் பதிந்த ஏடு ஒன்று உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இர்மினோன் என்ற மடத்தலைவர் காலத்தில் எழுதப்பட்டது. பிராங்கியம் பேசாத அவ்வுழவரில் பெரும்பாலோர் பிராங்கியப் பெயர் உடையவர்கள். அவர்கள் பெயரிட்ட முறையையும் அவ்வேடு காட்டுகிறது. பிராங்கியப் பெயர்கள் இரு கூறுகளால் ஆனவை. தந்தையின் பெயரிலிருந்து ஒரு கூறும் தாயின் பெயரிலிருந்து ஒரு கூறும் எடுத்து ஒட்டிப் பிள்ளைக்கு ஒரு புதுப்பெயரைச் சமைப்பது அக்காலத்து வழக்கம். ஒட்டியபின் முழுப்பெயருக்குப் பொருள் பொருந்துகிறதா என்று பார்ப்பதில்லை. ஹில்டெகுண்ட் என்றொரு பெண்பெயர் உண்டு. ‘ஹில்ட்’ என்றாலும் போர்; ‘குண்ட்’ என்றாலும் போர். போர்ப்போர் என்று ஒரு குழந்தைக்குப் பெயரிடுவார் உண்டா? அவர்கள் பொருளை நோக்கிப் பெயரிடவில்லை. இன்னார் வழிவந்த பிள்ளை இது என்பதை ஊரார் பெயரைக் கேட்டே அறியவேண்டும் என்பதற்காகப் பெயரிட்டனர்.

இதனைப் படித்தபோது ஏட்டை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் இருந்தோம். அப்பாவின் பெயரில் ஓரெழுத்து, அம்மாவின் பெயரில் ஓரெழுத்து என்று நம்மவர் கோக்கும் பெயர்களை எத்தனை மேடைகளில் நகையாடியிருக்கிறோம்! ஆயிரத்திருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு பிரான்சு நாட்டு உழவனும் அவன் மனைவியும், தாம் அறியாத மொழியின் துண்டுகளைக்கொண்டு, தம்மையே தம் பிள்ளையின் பெயரில் பொதிந்து வைத்தார்கள். நம் மாணவனின் தாயார் செய்ததும் அதுவே. அவர் ஒருபடி மேலே சென்று, திரும்பி வராத தம்பியையும் அதில் பொதிந்தார்.

நம் முன்னோரின் வழக்கமும் வேறன்று. பேரன் என்ற சொல்லைப் பாருங்கள். பெயரன் என்பதே பேரன் ஆயிற்று. பாட்டனின் பெயரைத் தாங்குபவன் என்பது அதன் பொருள். பெயர்த்தியும் அவ்வாறே. உறவுமுறைக்கே பெயரைக் காரணமாக்கிய மொழி நம்முடையது. பேர் சொல்ல ஒரு பிள்ளை வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வதும் அதன் வழிவந்ததே. அக்கித்தேன் நாட்டுக் கோமகன்மார் பத்தாம் கியோம் வரை அப்பெயரையே தம் குடிக்குரியதாகக் கொண்டதும் இவ்வகையினது. அவர்களுள் ஒன்பதாம் கியோம் கோமகனாக மாத்திரமன்றிக் கவிஞனாகவும் விளங்கினான். தென்பிரான்சின் பாணர் மரபில் பாடல்கள் நமக்குக் கிடைத்துள்ள முதற் புலவன் அவனே.

பெயர் பெருகியதால் ஓர் இடர்ப்பாடும் விளைந்தது. பன்னிரண்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நோர்மண்டியில் நடந்த ஒரு கிறிஸ்து பிறப்பு விருந்திலே, கியோம் என்ற பெயருடையோர் தவிர வேறெவரும் இவ்வறையில் உண்ணலாகாது என்று இருவர் விளையாட்டாக விதித்தனராம். மற்றையோரை வெளியேற்றிய பின்னரும் நூற்றுக்கு மேற்பட்ட வீரர்கள் அவ்வறையில் எஞ்சியிருந்தனர் என்று அக்காலத்து மடத்துறவி ஒருவர் எழுதி வைத்துள்ளார். ஒரே பெயர் பலருக்கு இருந்தமையால் மேலும் ஒரு பெயர் வேண்டியதாயிற்று. கியோமின் மகன், கியோமின் பேரன் என அழைக்கப்பட்டோரின் வழியில் பல குடும்பப் பெயர்கள் தோன்றின. யூரா மலைப்புறத்திலும் நம் வோ மாநிலத்திலும் வீட்டு அஞ்சற்பெட்டிகளில் வுயிமேன், வுயியோமியே முதலிய பெயர்களைக் காணலாம். அவை யாவும் கியோமின் வழித்தோன்றல்களே. இப்பகுதியின் பழைய வழக்கில் வகரம் மாறாது நின்றமையால் அவற்றின் முதலெழுத்து இன்றும் வகரமாகவே உள்ளது. மாற்றமின்றியும் அது குடும்பப் பெயராயிற்று. நொஷாத்தெல் மாநிலத்துப் புளூரியே ஊரிற் பிறந்து, வெப்பத்தால் மிகக் குறைவாகவே விரிவடையும் இன்வார் என்னும் உலோகக் கலவையைக் கண்டு 1920இல் பௌதிகத்துக்கான நோபல் பரிசு பெற்ற அறிஞரின் பெயர் ஷார்ல் எதுவார் கியோம்.

நமக்கும் இங்கு அதுவே நிகழ்ந்துகொண்டிருக்கிறது. தாயகத்தில் தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாக நின்று, அடுத்த தலைமுறையில் மறையும். இங்கோ பதிவேட்டில் ஒரு குடும்பப் பெயர் எழுதப்படவேண்டி இருந்ததால், நம்மவர் பலருடைய தந்தையின் பெயர் அவ்விடத்தில் எழுதப்பட்டது. வேலணையிலோ வல்வெட்டித்துறையிலோ தோட்டமும் கடலுமாய் வாழ்ந்து மறைந்த ஒரு பாட்டனாரின் பெயர், அவர் கண்டிராத அல்ப்ஸ் மலையடிவாரத்து அஞ்சற்பெட்டியில், அவர் கேட்டறியாத எழுத்துகளில், இனிப் பல தலைமுறைக்கு நிற்கப்போகிறது. அப்பெயரை இங்குள்ளோர் சிதைத்தே உச்சரிப்பர். வில்ஹெல்மைச் சிதைத்துத்தானே கியோம் ஆக்கினர்? சிதைந்தும் அது அழியவில்லை.

பிற மொழியினர் பெயர் நம்மவரிடம் வந்து தங்கியதற்கும் சான்று உண்டு. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனரிமார் 1823இல் நிறுவிய வட்டுக்கோட்டைச் செமினரியில் பயின்ற மாணவர் பலருக்கு, அவர்களுடைய கல்விக்குப் பொருளுதவிய அமெரிக்கரின் பெயர்கள் இடப்பட்டன. 1886இல் ‘பாவலர் சரித்திர தீபகம்’ என்னும் நூலை வெளியிட்டுத் தமிழ்ப் புலவர்களின் பெயர்களை மறதியிலிருந்து மீட்ட சதாசிவம்பிள்ளை, ஆர்னல்ட் என்ற பெயராலும் அறியப்பட்டவர். ஆர்னல்ட் என்பதும் கியோமைப் போன்ற பழைய ஜேர்மானியப் பெயரே. ‘ஆர்ன்’ என்பது கழுகு. ‘வால்ட்’ என்பது ஆளுகை. பிரெஞ்சில் அது ஆர்னோ. அப்பெயரைத் தாங்கியதால் அவருடைய தமிழ்த்தொண்டு குறைந்துவிடவில்லை.

இன்னொரு கியோமையும் இங்கு நினைவுகூர வேண்டும். சுவிற்சர்லாந்தின் மிக உயர்ந்த சிகரம் 4,634 மீற்றர் உயரமானது. 1863இல் அதற்குத் துஃபூர் சிகரம் என்று பெயரிட்டார்கள். இந்நாட்டை அளந்து முதற் பெரும் நிலப்படத்தை ஆக்கிய படைத்தலைவர் கியோம் ஹென்றி துஃபூரின் பெயர் அது. அதே 1863இல் ஹென்றி துனானுடன் சேர்ந்து செஞ்சிலுவைச் சங்கத்தைத் தோற்றுவித்த ஐவருள் அவரும் ஒருவர். அதன் முதற் தலைவரும் அவரே. மன உறுதியும் தலைக்கவசமும் என்று பொருள்படும் பெயருடைய அம்மனிதர் தொடக்கிவைத்த சங்கத்தின் பதிவுகளிலேதான், 1990 முதல் இலங்கையில் காணாமற்போன 16,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் எழுதப்பட்டன. உறவினர் சென்று, எழுத்தெழுத்தாய்ச் சொல்லி எழுதுவித்த பெயர்கள் அவை. நம் மாணவனின் தாய்மாமனுடைய பெயரும் அவ்வாறு எழுதுவிக்கப்பட்டதை அவ்வன்னையாரே பின்னர் நமக்குச் சொன்னார்.

சொற்கள் யாவும் பொருள் உடையன என்பது தொல்காப்பியர் கொள்கை. அச்சொற்பொருளின் காரணம் பார்த்த மாத்திரத்தில் விளங்கத் தோன்றாது என்ற கருத்தையும் அவரே கூறிச் சென்றார். இவ்விரண்டாவதை நாம் மாணவர்க்குப் பலமுறை கற்பித்திருந்தும் நமக்குக் கற்பித்துக் கொள்ளவில்லை. தோன்றாத காரணத்தை இல்லாத காரணம் என்று கொண்டு, ஒரு சிறுவனை வகுப்பின் நடுவே நிற்கவைத்துச் சிரிப்புக்கு இடமாக்கினோம்.

அச்சிறுவனின் வீட்டுக்குச் சென்றோம். பெற்றோர் முன்னிலையில் அவனிடம் நாம் பிழை செய்தோம் என்று சொன்னோம். ஆசிரியர் அவ்வாறு சொல்வது நம் ஊர் வழக்கமன்று, ஆயினும் சொன்னோம். பின்பு கியோமின் கதையைக் கூறினோம். வில்லும் கவசமும் என்று கேட்டதும் அவன் முகம் மலர்ந்தது. ‘வில்’ என்றதைத் தமிழ் வில் என்று எண்ணிக்கொண்டான் போலும். தெல் ஒரு வில்லாளன் அல்லவா? நாம் திருத்தினோம். அதன்பின் அவனுடைய பெயரின் கதையை அவனுடைய தாயார் அவனுக்குச் சொன்னார். அதனைக் கேட்க நாம் அங்கு இருப்பது முறையன்று என்று விடைபெற்று வந்தோம். அடுத்த சனிக்கிழமை அவன் வகுப்புக்கு வந்தான்.

அன்று மாணவர் அனைவருக்கும் ஒரு வீட்டுவேலை கொடுத்தோம். உன் பெயரின் பொருள் என்ன என்று அகராதியைக் கேளாதே. உனக்கு ஏன் இப்பெயரை இட்டார்கள் என்று அம்மாவையும் அப்பாவையும் கேட்டு எழுதி வா என்றோம். வந்த விடைகளில் சிலவற்றைப் பெயர் சுட்டாமல் சொல்லலாம். ஒரு பிள்ளைக்கு ஊர்க் கோயில் அம்மனின் பெயர். ஒரு பிள்ளைக்குப் பிரசவ வேளையில் உதவிய சுவிஸ் தாதியின் பெயரில் பாதி. ஒருவனுக்கு எண்சாத்திரம் பார்த்த பெயர். ஒருத்திக்கு, இங்குள்ளோர் வாயில் சிதையாமல் நிற்கவேண்டும் என்று இரண்டு ஆண்டுகள் யோசித்து வைத்திருந்த தமிழ்ப் பெயர். பெற்றோருக்கே மறந்துபோன காரணங்களும் இருந்தன. அவர்கள் தாயகத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பாட்டிமாரைக் கேட்டுச் சொன்னார்கள்.

இம்மலரைக் கையில் வைத்திருக்கும் பெற்றோரிடம் நாம் கேட்பது இரண்டு. பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு அழகிய தமிழ்ப் பெயர்களைத் தேடி இடுங்கள். அந்த எண்ணத்தில் நாம் சிறிதும் மாறவில்லை. நம் மொழியில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை. பொருள் விளங்கும் பெயரைத் தாங்கும் பிள்ளை தன்னை அறிமுகஞ் செய்யுந்தோறும் தன் மொழியையும் அறிமுகஞ் செய்கிறது. ஆனால் ஏற்கெனவே இட்டுவிட்ட பெயர் எதுவாயினும், அதன் காரணத்தை ஒரு தாளில் எழுதிப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழுடன் வையுங்கள். யாருடைய பெயர், எந்த எழுத்து எவரிடமிருந்து வந்தது, அவர் எவ்வூரவர், என்ன செய்தார் என்பன அதில் இருக்கட்டும். கியோம் என்ற பெயரின் காரணத்தை அறிஞர்கள் பழைய ஏடுகளைத் துருவித்தான் மீட்டெடுத்தனர். நம் பிள்ளைகளின் பெயர்க் காரணங்களோ இன்னும் உயிருடன் இருக்கும் சிலருடைய நெஞ்சில் மாத்திரம் இருக்கின்றன. அவர்களுக்கு வயது ஏறிக்கொண்டிருக்கிறது.

அரையாண்டுத் தேர்வில் வழக்கம்போலக் காரணப் பெயருக்கு மூன்று எடுத்துக்காட்டுத் தருக என்று ஒரு வினாக் கொடுத்திருந்தோம். பெரும்பாலோர் பறவை, நாற்காலி, வளையல் என்று எழுதியிருந்தார்கள். அச்சிறுவன் பறவை, நாற்காலி என்று எழுதி, மூன்றாவதாகத் தன் பெயரை எழுதியிருந்தான். முழுப்புள்ளியும் இட்டோம்.